எதிரியின் இரண்டு எண்கள்

வடசேரியில் ஜெகதீஷின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் அவனும் விபினும் சுல்ஃபியாவும் கூடி, காகிதத்தில் வரைந்த கோட்டைகளைப் பிடித்து விளையாடுவார்கள். எதிரிகளை உருவாக்குவது ஜெகதீஷின் வேலை. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சீட்டு. அதில் திறமைக்கு ஓர் எண், தைரியத்துக்கு ஓர் எண். எதிரியின் கூட்டாளி ஒருவன் செத்து விழுந்ததும் இரண்டு பகடைகளை உருட்டவேண்டும். கூட்டுத்தொகை தைரிய எண்ணைத் தாண்டினால் அந்த எதிரி ஓடிவிடுவான்.

அன்றைக்கு ஜெகதீஷ் புதுச்சீட்டு ஒன்றை விபினின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தான்.

"பாலைவனக் கோட்டையில எட்டு மாசம்கூட தாங்காம ஓடிவந்த தளபதி. திறமை ஒம்பது. தைரியம் மூணு."

மஸ்கட் வேலையை விட்டு எட்டே மாதத்தில் திரும்பியிருந்த விபினுக்குக் காது சுட்டது. சுல்ஃபியா இருவர் முகத்தையும் பார்க்காமல் தன் முறையை ஆடி, தளபதியின் காவலனை வெட்டிச் சாய்த்தாள்.

விபின் எழும்பிச் செருப்பை மாட்டினான்.

"பாத்தியா சுல்ஃபி, பகடையத் தொடல்ல, அதுக்குள்ள தளபதி ஓடுகான்," என்றான் ஜெகதீஷ்.

இப்போது படியிறங்கினால் சீட்டிலிருந்த தைரியம் மூன்று தன் பேரோடு ஒட்டிக்கொள்ளும் என்று விபினுக்குத் தெரிந்தது. திரும்பிவந்து உட்கார்ந்து பகடைகளை உருட்டினான். ஐந்தும் இரண்டும் விழுந்தன.

"ஏழு. உனக்க தளபதி ஓடியாச்சுலே. நான் இங்கதான் இருக்கேன். பேனாவத் தா, அடுத்த சீட்டுல உனக்குத் தைரியம் எத்தனைன்னு நான் எழுதுகேன்."

ஜெகதீஷ் பேனாவைக் கொடுக்கவில்லை. விபின் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.