மாடிப்படிக்குக் கீழே நின்ற வரிசை

கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து "காத்திருக்கவும்" என்று பதில் வந்த மறுநாள் காலை, லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு முன்னால் காத்திருப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அவருடைய வீட்டுக் கூடத்தில் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். வாசற்கதவு பூட்டியபடியே இருந்தது. எப்படி உள்ளே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குளித்தாக வேண்டிய நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும். வரிசையின் முதல் ஆள் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையின் கதவை மூக்கு உரச நின்றான். அந்த அறையில் குடைகளும், இறக்கை உடைந்த மேசை விசிறியும், பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பாவும் இருந்தன. அங்கிருந்து வரிசை கூடத்தைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி வளைந்து, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முடிந்தது. முடிகிற இடத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மகள் பல் தேய்த்துவிட்டு வந்தாள், ஒரு பார்வை பார்த்தாள், போய் அந்த இடத்தில் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. கல்லூரி அவளோடு நிறுத்திக்கொண்டிருந்தது.

அவளை வீட்டில் தும்பி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னதில் ஓரிடத்தில் நிற்கமாட்டாள், அதனால் வந்த பெயர். ஐந்து வயதில் ஒரு நாய்க்குட்டியின் காலில் ரிப்பனைச் சுற்றிக் கட்டினாள் என்பதற்காக, "என் பொண்ணு கால்நடை டாக்டரு" என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள். சொல்லிச் சொல்லி அது தும்பியின் ஆசையாகவும் ஆகிப்போனது. பதில் வந்த அன்று அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டே தூங்கியது நிஜம். அந்த அம்மா கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தவள், அன்றிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை "அடுத்தவங்க" என்று சொல்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஊருக்கு அவள் டோக்கனம்மா. தூக்கத்தில்கூட அந்தச் சொல்லைச் சொல்வாள் என்றும், அதைக் கேட்டுத் தான் பலமுறை எழுந்து உட்கார்ந்திருப்பதாகவும் மெக்கானிக் சொல்வார்.

வரிசைக்கும் சில நியாயங்கள் இருந்தன. குளிக்க, கொள்ள யார் வேண்டுமானாலும் போய்வரலாம், முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். இரவில் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார்கள். மாலையில் அவரவர் வீட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் வாரத்தில் இரண்டு பேருக்கு அழைப்பு வந்தது. குடை அறைக்குள்ளிருந்து சலித்துப்போன ஒரு குரல் "அடுத்தவங்க" என்றது, கதவு திறந்தது, ஃபினாயில் வாசனையும் மாட்டுக்கொட்டகை வாசனையும் கூடத்துக்குள் வந்தன, முதலில் நின்றவர் உள்ளே போனார், கதவு மூடிக்கொண்டது. பிறகு மெக்கானிக் திறந்து பார்த்தபோது குடைகளும் விசிறியும் பெயிண்ட் டப்பாவும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் டார்ச் அடித்துப் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டியான சுவர். நாலு பேர் புழங்குகிற கதவு கிறீச்சிடக் கூடாது என்று கீலுக்கு எண்ணெய் மட்டும் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இரண்டு பேரோடு அழைப்பு நின்றுபோயிற்று.  வரிசையைப் பற்றி டோக்கனம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைப்பக்கம் நகராவிட்டால் நடுவிலிருந்து ஆட்களைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, யாருக்கு உண்மையிலேயே கண் வலி, யாருக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை என்று முகத்தைப் பார்த்தே பிரித்துப் பழகியவள். சாப்பாடு பரிமாறுகிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தாள். "ஏம்ப்பா, மாட்டுக்கு வைத்தியம் பாக்கணும்னு உனக்கே ஆசையா, இல்ல வீட்ல சொன்னாங்களா?" என்று அவள் கேட்கிற தோரணையில் பாதிப் பேர் அங்கேயே உடைந்துபோனார்கள்.

அப்புறம் அவள் இறங்கி வேலை செய்தாள். ஏணி இல்லாமல் விட்டத்தைத் தொடுகிற நெட்டையனைத் தன் வீட்டுக்காரரின் லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டாள். ஓயாமல் பெருமூச்சு விட்டுக் கூடத்தையே உஷ்ணமாக்கிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்ணாடி ஊதும் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். அவன் மூச்சில் இன்றைக்கும் ஊர்க்கடைகளின் ஜாடிகள் நிற்கின்றன. மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரி என்று ஒருத்தி இருந்தாள், ரோமம் உள்ள எதைக் கண்டாலும் அவளுக்கு உடம்பு நடுங்கும், அப்பா சொன்னாரென்று விண்ணப்பித்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த மீன்வளக் கல்லூரியில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். வரிசையில் நின்ற இடத்திலேயே காதலித்துவிட்ட ஒரு ஜோடியை வேளாண் கல்லூரியில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். ஒருவனுக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. "போதும்ப்பா, வீட்டுக்குப் போ, யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். ஒவ்வொருவர் கழன்றபோதும் தும்பி ஓரடி நகர்ந்தாள். செருப்பு ஸ்டாண்டிலிருந்து சாப்பாட்டு மேசை, மேசையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மாடிப்படி. டோக்கனம்மா அந்த மாதத்தைப் போல எந்த மாதமும் சந்தோஷமாக இருந்ததில்லை.

தும்பி முதல் ஆளாகக் கதவுக்கு முன்னால் நின்ற அன்று காலை அம்மா எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். எல்லோரும் என்றால் மூன்று பேர்; கூடத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் தும்பி கேட்டாள்.

"அம்மா, வேளாண் கல்லூரியில எனக்கும் ஒரு இடம் குடுத்திருந்தாங்களே. சேர்றியா இல்லையான்னு கேட்டாங்களே. என்ன பதில் சொன்ன?"

அம்மா பாயசக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த ஜோடிக்கு ஒரு இடம் குறைஞ்சுது. நீ வரலன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரு ஒரே நேரத்துல கழண்டாங்கல்ல. இப்ப நீதான்டி முதல் ஆளு."

தும்பி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று டோக்கனம்மா பிறகு பலநாள் நினைத்துக்கொண்டாள். பெண் முகத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்து நின்றாள், அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை. ஒரு நாள் அதன் மேல் காதை வைத்துக் கேட்ட அம்மாவுக்கு உள்ளே மணி அடிப்பதும், பெஞ்சுகள் இழுபடுவதும், யாரோ வருகைப்பதிவு எடுப்பதும் கேட்டது. வகுப்பு தொடங்கிவிட்டது.  தும்பிக்கு வேறு இடம் தேடி அம்மா லீவு போட்டுவிட்டு ஊரைச் சுற்றினாள், எங்கே போனாலும் அவளே அனுப்பிவைத்த பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தது. லிஃப்ட் கம்பெனியில் நெட்டையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நர்சிங் பள்ளியில் ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஊரில் இருந்த வழிகளையெல்லாம் ஊரான் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையைக் குடை அறைக்கு முன்னால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதாள்.

தும்பி தனக்கானதைத் தானே பார்த்துவைத்திருந்தாள். மீன்வளக் கல்லூரிக்குக் கண்ணாடிக்காரியைக் கொண்டுபோய் விட அம்மா அவளைத்தான் துணைக்கு அனுப்பியிருந்தாள். அங்கே வாசலில் நின்றபோது துறைமுகத்தின் கிரேன் ஒன்று ஒரு லாரியின் சுமையை அப்படியே தூக்கி, காற்றில் திருப்பி, கப்பலுக்குள் முட்டை வைப்பதுபோல வைத்ததைப் பார்த்துவிட்டாள். பக்கத்திலேயே கிரேன் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற பள்ளி. அதன் கவுன்ட்டரில் ஓர் ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வரிசையே இல்லை. இதைப் பல நாட்கள் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம்வரை நின்று பார்ப்பதா, நின்றும் கிடைக்காவிட்டால் என்ன, கிடைத்தால்தான் என்ன என்று நின்ற இடத்திலேயே யோசித்தாள். ஒரு நாள் மாலை, தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். மெக்கானிக் இரண்டு கவளம் விழுங்கிவிட்டு, "ஏத்தி எறக்குற வேலைதானே. நம்ம குடும்பத் தொழில்தான்" என்றார். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"முதல் ஆளா நின்னுட்டு வரிசைய விட்டு வெளிய வந்தவள என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லடி."

"இப்ப பாத்துக்கோம்மா."

"எல்லாரையும் நான்தான்டி தொரத்துனேன், உனக்காகத்தான் தொரத்துனேன்."

"தெரியும்மா. அவங்க எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க. என்னையும் தொரத்து."

தும்பி தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அந்தக் கோடையில் முதல்முறையாகச் சோபாவில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சொடக்கென்று சத்தம் போட்டன. டோக்கனம்மாவுக்கு மனசு ஆறவில்லை. வரிசை காலியாகக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பழக்கமில்லை. "உன் இடத்த நான் புடிச்சு வைக்கிறேன். மனசு மாறினா வா" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நாலு நாளில் அலுத்துவிடுவாள் என்று அப்பாவும் மகளும் நினைத்தார்கள்.

பெண் பயிற்சி முடித்து, துறைமுகத்தின் உயரமான கிரேனில் ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் மொத்த ஊரும் தெரியும் என்று சொன்னாள், இருப்பதிலேயே குறைவாகப் பேச வேண்டிய வேலை என்றும் சொன்னாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கப்பல்களின் சரக்கெல்லாம் அவள் கைபட்டு இறங்கின. சம்பளம் உயர்ந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தாள். கிரேன் பழுது பார்க்க வந்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவனையும் மேலேயிருந்துதான் முதலில் பார்த்தாளாம். இத்தனையும் நடந்து முடிகிறவரை அம்மா வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு குடை அறைக்கு முன்னால் போய் நின்றாள். காய் நறுக்குவதும் அங்கேதான், ரேடியோ கேட்பதும் அங்கேதான். ஓய்வுபெற்ற பிறகு காலையிலேயே நிற்க ஆரம்பித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் பாடத்தில் பாதி அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பசுவுக்கு வயிற்றில் நாலு அறை என்று காய்காரரிடம் சொல்லி, அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றதும் முகம் வாடிப்போவாள்.

ஒருமுறை லீவில் வந்த தும்பி, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காகம்மா நிக்கிற?"

"உனக்குத்தான்டி."

"எனக்கு வேணாம்னு சொல்லி எத்தன வருஷமாச்சு."

டோக்கனம்மா கதவைப் பார்த்தாள். "ஆமா. வேணாம்னுதான் சொல்லிட்ட. ஆனா நிக்கணும்போல இருக்கு." சொல்லும்போது அவள் காது ஓரம் சிவந்துபோனது. தும்பி போகும்போது அம்மாவின் வீங்கிய காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

டோக்கனம்மாவைக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை. மெக்கானிக் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து அதே சலித்த குரல் "அடுத்தவங்க" என்றது. ஆயுசெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னவள் பழக்கதோஷத்தில் திரும்பி, யாரென்று பின்னால் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் இல்லை. அந்தச் சொல்லை அவளைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை என்பதால், புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, அவருக்கும் பின்னால் வெயில் விழுந்த நீளமான கொட்டகை. குமாஸ்தா நரைத்த தலையையும் முந்தானையில் ஒட்டியிருந்த காய்த் தோலையும் பார்த்துவிட்டு, "பொண்ணு எங்கம்மா? சேர வேண்டியவங்கதான் வரணும்" என்றார்.

"அவ வேலைக்குப் போயிட்டா" என்றாள் டோக்கனம்மா.  "நான்தான் சேரணும்."

குமாஸ்தா அவள் பெயரை எழுதிக்கொண்டார். இவ்வளவு காலம் நின்றவர்களைத் திருப்பியனுப்ப அவருக்கு விதி கிடையாது. மெக்கானிக் டீயோடு வந்தபோது கதவு மூடியிருந்தது. திறந்து பார்த்தார், குடைகள். டீயை அவரே குடித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார். அவள் கிரேன் மேலே இருந்தாள், காற்று இரைந்தது.

"அம்மாவ கூப்ட்டாங்க. உள்ள போயிட்டா."

அந்த இரைச்சலில் தும்பி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சாப்பாடு எடுத்துட்டுப் போனாளாப்பா?" என்றாள்.

"எங்க. போட்டது போட்டபடி போயிட்டா."

அன்றிலிருந்து தினமும் மதியம் மெக்கானிக் ஒரு டிபன் பாக்ஸைக் குடை அறைக் கதவுக்கு முன்னால் வைத்துவிடுகிறார். மாலையில் அம்மா கொட்டகை வாசனையோடு வெளியே வந்து, காலியான பாக்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்கிறாள். முதல் வருடம் எலும்புகள்தான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பரீட்சை நேரத்தில் மட்டும் வீட்டில் யாரும் ரேடியோ வைப்பதில்லை.