நீலக் கோடு

பல்ப் மாற்றச் சொல்லி அண்ணன் வருவது இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை. பிக்கப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்தான். அவள் ஒரு வேனின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து நாலாவது வண்டி. எழுந்து வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

"ஃபியூசு, இருக்கியா போயிட்டியா?"

ஒன்பது வயதில் தலைப்பின்னை பிளக்கில் சொருகி வீட்டையே இருட்டாக்கினாள். அன்று வைத்த பெயர். பிறகு வண்டி வயரிங் கற்றுச் சொந்தமாகப் பட்டறை போட்டாள். பெயர் போகவில்லை.

முதல் முறை, வண்டியில் இருந்த பல்ப் மங்கல் என்றான். அதிக வாட் ஹாலஜன் போட்டாள். சூட்டில் வயர் உருகாமலிருக்கத் தனியாக ஒரு ரிலேயும் வைத்தாள். மூன்று வாரத்தில் அதுவும் போதவில்லை. எல்.இ.டி. போட்டாள். இப்போது அது பனியில் பட்டு வெள்ளைத் துணி விரித்த மாதிரி எதிரே நிற்கிறது என்றான். எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் சூரியனைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றும் திட்டினான். ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. வெளிச்சம் சிதறும் என்று அவள் போன தடவையே சொல்லியிருந்தாள். அதைச் சொல்லிக் காட்டத் தெம்பில்லை.

பம்பரின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. போன வாரம் பாறையில் உரசியது. இன்னொரு கீறல் விழுந்தால் மலை ஓட்டத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று பால் நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இருப்பது அந்த ஒரு ஓட்டம்தான். விடிவதற்கு முன் பால் கேன்களோடு மலை ஏறி, வெயில் வரும் முன் இறங்குவான். பதினேழு வருடம்.

எல்.இ.டி.யைக் கழற்றினாள். நல்ல ஹாலஜனாக ஒரு ஜோடி எடுத்து, கண்ணாடியில் விரல் படாமல் காகிதத்தால் பிடித்துப் பொருத்தினாள். கை எண்ணெய் பட்டால் அந்த இடம் சூடேறி பல்ப் வெடிக்கும். கீழே இருக்கிற ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் பல்ப். பம்பர் நசுங்கியதில் அதன் திருகு மறை கழன்றிருந்தது. மல்லாந்து படுத்து முக்கால் மணி நேரம் போராடினாள். அண்ணன் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான். டார்ச் திருகின் மேல் இல்லாமல் அவள் காதின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சொன்னாள். பிறகு டார்ச்சை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

அடுத்தது மூட்டை. காலி வண்டியில் லைட்டைச் சரிபார்த்தால், லோடு ஏறியதும் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கும். அதற்காகவே பட்டறையில் பத்து மணல் மூட்டை வைத்திருந்தாள். இருவரும் ஏற்றினார்கள். ஏழாவது மூட்டையில் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கல்யாணம் பண்ணியிருந்தால் இந்நேரம் மூட்டை தூக்க ஒரு மச்சான் இருந்திருப்பான் என்றான். இருக்கிற ஒரு ஆம்பளையையே மூட்டை தூக்க வைக்க முடியவில்லை என்றாள் அவள்.

அண்ணன் வண்டியை உள்ளே விட்டதும் ஷட்டரை இறக்கினாள். மதியம் மூன்று மணிக்குப் பட்டறை இருட்டானது. எதிர்ச் சுவரில் முட்டளவு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வெளிச்சத்தின் விளிம்பு விழ வேண்டும். எப்போதும் அண்ணன் சீட்டில் உட்கார்ந்து சொல்லுவான், அவள் பானெட்டுக்கு அடியில் திருகைத் திருப்புவாள்.

லைட் எரிந்தது. அவள் டேப்பையும் நீலச் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள்.

"கோட்டுக்கு மேல ரெண்டு விரல் நிக்குது," என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. "அரை சுத்து இறக்கு."

அவள் நின்றாள்.

"எந்தக் கோடு?"

"என்ன எந்தக் கோடு. நீலக் கோடுதான்."

சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டடச் சொந்தக்காரர் ஆள் விட்டு முழுவதும் சுண்ணாம்பு அடித்திருந்தார். பழைய நீலக் கோடு அதில் மறைந்து போனது பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. புதிதாகக் கோடு போடத்தான் சாக்கட்டியோடு வந்தாள்.

வெளிச்சத்தின் விளிம்பு அவள் இடுப்புக்கு மேல் நின்றது.

"இறங்கி வாண்ணே. வந்து தொட்டுக் காட்டு."

அவன் வந்தான். சுவரைத் தடவினான். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். உள்ளங்கையைத் திருப்பினான். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

ஹெட்லைட் அவர்கள் முதுகில் எரிந்தது.

இரண்டு கண்ணிலும் புரை என்று பிறகு சொன்னான். மழைக்கு முன்பே கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கண்ணாக அறுக்க வேண்டும், எல்லாம் முடிய இரண்டு மாதம் வண்டி தொடக்கூடாது. இரண்டு மாதம் நின்றால் ஓட்டம் போய்விடும். அண்ணியிடமும் சொல்லவில்லை.

"காலை ஷிப்டுக்கு ஆலை வேலைக்காரங்க அந்த மலை ரோட்டு ஓரமாத்தானே நடந்து போவாங்க?" என்று கேட்டாள்.

"வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பேன்."

அவள் குனிந்து, டேப் வைத்து அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். பானெட்டுக்கு அடியில் கை விட்டுத் திருகினாள். போய்ப் பார்த்தாள். திரும்ப வந்து திருகினாள். இரண்டு லைட்டுக்கும் ஆறு நடை. விளிம்பு கோட்டில் வந்து நின்றது. அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்து அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹெட்லைட்டை அணைத்து, பட்டறை விளக்கை எரியவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டாள்.

"வீட்டுக்கு பஸ்ல போ. நாளையிலேர்ந்து வண்டிய நான் எடுக்கிறேன்."

"பட்டறை?"

"பத்து மணிக்குத் தொறக்கறேன்."

"உனக்கு அந்த ரோடு தெரியாது."

"நீ பக்கத்துல உட்காந்து சொல்லு. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. ஆபரேஷனுக்கு நாள் கேட்டுட்டு வா. அண்ணிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் கையிலிருந்த சுண்ணாம்பைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நானே சொல்றேன்," என்றான்.

அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள், அசையவில்லை. பதினேழு வருடமாக அது நகர்ந்ததே இல்லை, சீட்டுக்கு அடியிலிருந்த தண்டவாளம் துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அண்ணன் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, தடவித் தடவிச் சீட்டின் முதுகைப் பிடித்துத் தள்ளினான். ஒரு பல் நகர்ந்தது.

"போதுமா?"

"இன்னொண்ணு."

தள்ளினான். அவள் கிளட்ச்சை மிதித்துப் பார்த்தாள். எட்டியது.

பிறகு ஷட்டரை ஏற்றினாள். வெயில் உள்ளே வந்ததும் அவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். பத்து மூட்டையும் இன்னும் வண்டியில் இருந்தன. அவள் பின்கதவின் கொக்கியைத் தட்டிவிட்டு, முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள்.