மேசைமேல் விழுந்து கிடந்த மாப்பிள்ளை

ஏழு வருஷமாக லேகோஸ் நகரத்தில் ஊராருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டனிமோலா, பெண் வீட்டுக்கு முறையாகப் போய் அறிமுகமாகவேண்டிய நாளன்று, வாடகை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டிலிருந்து விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டான். இபாதானில் பெண் வீட்டுக் கூடத்துக்கு மாப்பிள்ளையைத் தவிர மற்றதெல்லாம் வந்து சேர்ந்திருந்தது: கிழங்குகள், கோலா கொட்டைகள், தேன் பாட்டில்கள், பதினோரு அத்தைகள்.

கால் உடைந்ததைப் பெண்ணின் அப்பா மன்னித்துவிட்டார். அக்கின்லாபி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விபத்து என்றால் விடுப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து டனிமோலா அவர் போனுக்கு அனுப்பிவைத்த மன்னிப்பைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு உருண்டை முகம். இரண்டு கண்ணிலும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நீர் கொட்டியது.

"அப்பா என்ன கேட்டார் தெரியுமா?" என்றாள் கேஜி போனில். கல்யாணப் பெண் அவள்தான். "'தலை மட்டும் வந்து என்கிட்ட அழுதுட்டுப் போகுதே, உடம்பு எங்க? முதுகு எங்க? முதுகே இல்லாதவன் எப்படிடி விழுந்து கும்பிடுவான்?'ங்கிறார்."

"கால்ல மாவுக்கட்டு இருக்குன்னு சொல்லலையா நீ?"

"சொன்னேனே. 'மனசுக்குமா கட்டுப் போட்டிருக்கு?'ன்னார். ஞாயித்துக்கிழமை அபெயொகுட்டாலேர்ந்து ஒரு குடும்பம் வருது. பையன் மருந்துக்கடை வச்சிருக்கானாம். ரெண்டு காலும் நல்லா இருக்காம்."

அன்று வியாழக்கிழமை. இனி மூன்று வாரத்துக்கு எந்த வண்டியிலும் ஏறக்கூடாது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். டனிமோலா தன் அறைக் கட்டிலில் மல்லாந்து, மருந்துக்கடைக்காரனின் இரண்டு கால்களையும் மனக்கண்ணால் பார்த்தான். நீளமான, நேரான கால்கள்.

பிறகு எதிர் அறையைப் பார்த்துக் கத்தினான். "சிடிக்கத் அக்கா!"

சிடிக்கத் விருந்து வீடுகளில் போட்டோ எடுப்பவள். ஆனால் தெருவில் அவள் பேர் பெற்றது வேறு ஒன்றுக்காக. நாலைந்து போட்டோக்களை வரிசையாகக் கோத்து, மூன்று விநாடிக்கு ஆடி அசையும் படமாக்கிவிடுவாள். அது முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடும், மறுபடியும் ஓடும். அவள் வந்தபிறகு அந்தத் தெருவில் யாரும் வாயால் கோபப்படுவதில்லை. ரொட்டிக்கடை அம்மாள் தலைக்கட்டுத் துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கும் படம் ஒன்று இருந்தது. சண்டைக்குத் தயார் என்று சொல்ல எல்லோரும் அதைத்தான் அனுப்புவார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் சிடிக்கத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வருத்தம் வேணும் உனக்கு. முழு நீள வருத்தம். முழங்கால் மடங்காத ஆளுக்கு."

"முடியுமா?"

"உன்னைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். போட்டோ எடுத்த பிறகு அந்த ஆளை அழிச்சுடறேன்."

அந்த ஆள் பஸ் கண்டக்டர் போலாஹன். நகரும் பஸ்ஸின் படியில் ஒற்றைக் கையில் தொங்குகிறவன் என்பதால் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்காரரின் நீல அக்பாடா அங்கியை இரவல் வாங்கி, மாவுக்கட்டு மறையும்படி மாட்டினார்கள். அதில் மூன்று டனிமோலாக்கள் குடியிருக்கலாம்.

"கதவுத் திரையை விலக்கிட்டு உள்ள வரணும். அங்கேர்ந்துதான் ஆரம்பம்" என்றாள் சிடிக்கத். "எடுத்த எடுப்பில விழுந்தா, தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும்."

போலாஹன் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து அவனை அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்கினான். ஒவ்வொரு அங்குலத்துக்கும் சிடிக்கத் ஒரு போட்டோ எடுத்தாள்.

"மூஞ்சில வருத்தத்தைக் காட்டு. இது பசி. வருத்தம் வேற மாதிரி இருக்கும்."

"இதுதான் அக்கா என் வருத்தம்."

"இதைப் பாத்தா பொண்ணு கொடுக்க மாட்டாங்க, சோறுதான் போடுவாங்க. போலாஹன், கொஞ்சம் தளர்த்து."

போலாஹன் தளர்த்தியதில் உடைந்த கால் தரையில் இடித்தது. டனிமோலாவின் கண்கள் இறுகி, உதடு கோணி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அதேதான்! அசையாதே!" என்று கத்தினாள் சிடிக்கத். அவன் நெற்றி தரையைத் தொடும்வரை அவள் விடவில்லை.

சாயங்காலத்துக்குள் படம் தயாராகி இபாதானுக்குப் போய்விட்டது. நீல அங்கி அணிந்த ஒருவன் திரையை விலக்கி வருகிறான், வேதனையோடு குனிகிறான், நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். டனிமோலாவே அதைப் பத்துத் தடவை பார்த்து, அந்தப் பையனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

வெள்ளி காலை கேஜி கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"அப்பா கேட்கிறார், 'யார் இவனை எழுந்திருக்கச் சொன்னது?'ன்னு."

"நான் எங்க எழுந்தேன்?"

"விழறே, அடுத்த நிமிஷம் வாசல்ல நிக்கறே. மறுபடி விழறே, மறுபடி நிக்கறே. விழுந்தவன் பெரியவர் சொன்னப்புறம்தானே எழுந்திருக்கணும்? அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள இருபது தடவை எழுந்துட்டியாம். 'என் வீட்டு வாசல்ல வந்து தண்டால் எடுக்கிறானா?'ங்கிறார்."

"கேஜி, அது படம். அது அப்படித்தான் ஓடும்."

"நானும் சொன்னேன். 'படம்னா மரியாதை வேண்டாமா?'ங்கிறார். அப்புறம், உன் அக்குள்ள ஒரு கை தெரியுதாம். அது யாரோடதுன்னும் கேட்கிறார்."

சிடிக்கத்துக்குக் கைதான் பெரிய அவமானம். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு விரலைக்கூட மிச்சம் விட்டதில்லை. கையை அழித்தாள். படம் திரும்ப ஓடாதபடி, ஒரே ஒரு முறை விழுந்து அப்படியே நின்றுபோகும்படி மாற்றினாள். "இனிமே நீ கிடப்பே. அவர் சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி."

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்கு கேஜி கிசுகிசுத்தாள்.

"பாத்தார். 'ம்' அப்படின்னார். போனைச் சாப்பாட்டு மேசைமேல ஒரு டம்ளர்ல சாய்ச்சு வச்சுட்டு, பேப்பர் படிக்கப் போயிட்டார்."

"எழுந்திருன்னு சொன்னாரா?"

"இல்ல. 'கிடக்கட்டும், யோசிக்கட்டும்'னார். போன் அணைஞ்சு போயிடாம இருக்க அம்மா அப்பப்போ போய்த் தட்டிவிட்டுட்டு வர்றாங்க."

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. லேகோஸில் கட்டிலில் மல்லாந்தும், இபாதானில் மேசைமேல் குப்புறவும் கிடந்தான் டனிமோலா. இரண்டு இடத்திலும் திரும்பிப் படுக்க வழியில்லை. இபாதான் மேசையின் மரம் நெற்றியில் குளிர்ச்சியாகப் படுவதுபோல அவனுக்கு இருந்தது. பக்கத்தில் உப்புக் கிண்ணம் இருக்கும். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். இவ்வளவு நேரம் யார் முன்னாலும் அவன் விழுந்து கிடந்ததில்லை. மன்னிப்புக் கேட்பதாக மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அத்தனை கிழங்கையும் அத்தனை அத்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம், இப்போதுதான் அவன் கண்ணில் வந்தது. 'பாவம், மனுஷன்' என்று நினைத்தான். முகம் தானாகவே கோணியது. போட்டோ எடுக்க சிடிக்கத் அறையில் இல்லை. ஒரு விருந்துக்குப் போயிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு மறுபடி போன். இந்த முறை கேஜி கிசுகிசுக்கவில்லை.

"அப்பாவால சாப்பிட முடியல! தட்டை வச்சா, முன்னால நீ விழுந்து கிடக்கறே. ஒருத்தன் குப்புறக் கிடக்கறப்ப எப்படிச் சாப்பிடறதுன்னு தட்டை இந்தப் பக்கம் நகத்தறார், அந்தப் பக்கம் நகத்தறார். இந்த நேரம் பாத்து அவரோட சினேகிதர் வந்துட்டார். 'யாரோட பிள்ளைய்யா இது? காலையிலேர்ந்தா கிடக்கான்? உனக்கு இரக்கமே கிடையாதா?'ன்னு ஒரே சத்தம்."

"அப்புறம்?"

"அப்பா எழுந்திருன்னு சொல்லிட்டார்! மூணு தடவை சொல்லிட்டார்! நீதான் எழுந்திருக்க மாட்டேங்கறே!"

டனிமோலா ஒரு விநாடி உண்மையாகவே எழப் பார்த்தான். பிறகு கேஜியின் இணைப்பை வெட்டாமலே சிடிக்கத்தையும் கூப்பிட்டான். விருந்து வீட்டு மத்தளத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"எழுந்திருக்கிற போட்டோவா? அதை எங்க எடுத்தோம்? உன்னை இறக்கினதோட போலாஹன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"அக்கா, அவர் நாலாவது தடவை சொல்லிட்டிருக்கார்!"

"இரு, இரு. விழறதைப் பின்னாலேர்ந்து முன்னால ஓட்டினா எழற மாதிரிதானே? அஞ்சு நிமிஷம் கொடு."

நான்கே நிமிஷத்தில் படம் இபாதானுக்குப் போனது. கேஜியின் இணைப்புக்குத் திரும்பி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு டனிமோலா கேட்டான். முதலில் ஒரு பெருமூச்சு, பெரியவருடையது. "ஆ! எழுந்துட்டான், எழுந்துட்டான்" என்றார் சினேகிதர். யாரோ கைதட்டினார்கள். அப்புறம் கைதட்டல் பாதியில் அறுந்தது.

"எங்க போறான்?" என்றார் அக்கின்லாபி. "ஏய், எங்க போறான் இவன்?"

டனிமோலாவுக்குப் புரிந்துவிட்டது. திரையை விலக்கி உள்ளே வந்தவன், இப்போது பின்பக்கமாகவே நடந்து, திரைக்கு வெளியே போயிருந்தான். காலியான கதவு மட்டும் மிச்சம் இருக்கும்.

"பாபா..." என்றான்.

"கேஜி, போனைக் கொடு இங்க." கட்டைக் குரல் நேராக அவன் காதுக்குள் வந்தது. "டனிமோலா! அஞ்சு மணி நேரம் கிடந்துட்டு ஒரு வாய் சாப்பிடாம கிளம்பறே, என்ன பழக்கம் இது? என் வீட்டுக்குள்ள வந்தவன் யாரும் வெறும் வயித்தோட போனதில்ல."

"மன்னிச்சுக்குங்க பாபா. அது... தெரியாம நடந்துபோச்சு."

"கட்டு எப்பப் பிரிக்கிறாங்க?"

"பதினெட்டாம் தேதி, பாபா."

"சரி, இருபதாம் தேதி உன் ஆளுங்களோட வா. அபெயொகுட்டாக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்." தட்டு இழுபடும் சத்தம் கேட்டது. "வந்ததும் தொபுக்கடீர்னு விழாதே. இப்பதான் ஒட்டின கால். முதல்ல உக்காரு, தண்ணி குடி, அப்புறம் மெதுவா விழு. நான் காத்திருப்பேன்."

"சரிங்க பாபா."

"வச்சுடட்டுமா? கிழங்கு ஆறிப்போகுது" என்றார் அவர், ஏற்கனவே வாயில் எதையோ போட்டுக்கொண்டு.