இரண்டாம் வருஷத்தில் என்ன நடந்தது?

கல்லூரி ஆலோசகர் திருமதி லிண்ட்க்விஸ்ட் நல்ல மனுஷிதான். இல்டாவின் மதிப்பெண்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி, ரெண்டாம் வருஷத்துல என்னம்மா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலை."

"வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம..."

"இல்லை."

"யாராவது தவறிட்டாங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. நான்தான் தூங்கினேன். வகுப்புக்குப் போகாம, சாப்பிடக்கூட எந்திரிக்காம தூங்கினேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியலை."

ஆலோசகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உண்மைதான். ஆனா மருத்துவக் கல்லூரிக்கு இதை எழுதி அனுப்பினா எடுபடாதேம்மா."

இல்டாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பட்டம் வாங்கிவிட்டாள், ஆனால் அந்த ஒரு வருஷம் சராசரியை அதலபாதாளத்துக்கு இழுத்துப் போட்டிருந்தது. நாலுக்கு இரண்டரையும் கொஞ்சமும். கரிம வேதியியலில் தோல்வி. மூன்றுக்குக் கீழே இருந்தால் பல கல்லூரிகளில் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே சலித்துக் கீழே தள்ளிவிடும். மனுஷக் கண் படாது. இப்போது அவள் சொந்த ஊரான ஃபால் ரிவரிலேயே ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், டாக்டர் சொல்லச் சொல்ல நோயாளியின் குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை பார்த்தாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் ஆலோசகர். "ஒண்ணு, இங்கயே மாலை வகுப்புல சேர்ந்து தோத்த பாடத்தையெல்லாம் திரும்பப் படிக்கறது. நல்லா வாங்கினாலும் பழைய மார்க்கு அழியாது. பக்கத்துல புதுசு உக்காரும், அவ்வளவுதான். சராசரி எறும்பு மாதிரி ஊரும். இன்னொண்ணு ஒஹாயோ மாநிலத்துல ஒரு மருத்துவக் கல்லூரி. ஒரு வருஷ முதுகலை. மருத்துவ மாணவங்களோடயே உக்காந்து அவங்க எழுதுற பரீட்சையையே எழுதணும். ஜெயிச்சா அந்தக் கல்லூரியே கதவைத் திறக்கும். சறுக்கினா..."

"சறுக்கினா?"

"அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. இவளால முடியாதுன்னு நீங்களே நிரூபிச்ச மாதிரி ஆயிடும்."

இல்டா ஒரு வாரம் யோசித்தாள். எறும்பாக ஊர அவளுக்குப் பொறுமையில்லை. ஒஹாயோவுக்கு விண்ணப்பித்தாள்; இடமும் கிடைத்தது.

அப்பா எர்மீனியோவுக்குத் தலைகால் புரியவில்லை. போர்ச்சுகீசியத் தீவான அசோர்ஸிலிருந்து இளவயதில் வந்து, திரைச்சீலை ஆலையில் முதுகு வளைந்தவர். மனைவி ஃப்ளோரிடாவுக்கு வேறொருவரோடு போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். போர்ச்சுகீசியர் கிளப்பில் அன்று சாயங்காலமே தண்டோரா போட்டுவிட்டார். மறுநாள் கிளப் நண்பர் ஒருவர் வீட்டு வாசலிலேயே இல்டாவை மடக்கி, "டாக்டரம்மா, இந்த முட்டி ரொம்ப நாளா வலிக்குது, கொஞ்சம் பாரு," என்று கால்சட்டையைச் சுருட்டினார்.

"அப்பா, நான் இன்னும் போகவே இல்லை. இப்படி ஊரெல்லாம் சொல்லி வெச்சா எப்படி?"

"நீ தோத்தப்ப நான் யார்கிட்டயாவது சொன்னேனா? இல்லையில்ல? இதையாவது சொல்லிக்கறேன், விடு," என்றார் எர்மீனியோ.

ஜூலை கடைசியில், கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ஆம்புலன்ஸ் ஒருவரைக் கொண்டுவந்தது. அவசரப் பிரிவில் இல்டா வழக்கம்போல டாக்டர் ஹாலரன் பக்கத்தில் நின்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ஆண், வயது அறுபது சொச்சம், வலப்பக்கம் அசைவில்லை, பேச்சில்லை. வீட்டுத் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர் சொல்வதை விரல்கள் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே வந்தன. எர்மீனியோ என்று பெயரைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

"கம்ப்யூட்டரை விடு இல்டா," என்றார் டாக்டர் ஹாலரன். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இங்க பாரு. கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து உண்டு. விழுந்து சில மணி நேரத்துக்குள் என்று தெரிந்தால்தான் கொடுப்பார்கள். தாமதித்துக் கொடுத்தால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். இதே கேள்வி எத்தனையோ பேரிடம் கேட்கப்பட்டபோது அவள் பதிலை ஏற்றியிருக்கிறாள்.

"விடிகாலைல நான் கிளம்பும்போது..."

"பார்த்தியா அவரை?"

"பார்க்கலை. அவர் அறைல இருமல் சத்தம் கேட்டுச்சு. இருமல் போதுமா டாக்டர்?"

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் யாருமில்லை. அண்ணன் டெல்ஃபிம் சிப்பி பிடிக்கிற கப்பலில் நடுக்கடலில் இருந்தான். சமையலறையில் காப்பி குடித்தாரா, தோட்டத்துக்கு எப்போது போனார், சொல்ல ஆளில்லை. இப்போதோ மதியம் தாண்டிவிட்டது.

"மன்னிச்சுக்கோ," என்றார் டாக்டர் ஹாலரன். "அந்த மருந்தைத் தர முடியாது."

"காலைல வெளிலதான் போயிருப்பார். பத்து மணி இருக்கும் டாக்டர். பத்தரைகூட இருக்கலாம்."

"உனக்குத் தெரியுமா, இல்லை நினைக்கிறியா?"

"நினைக்கிறேன்," என்றாள் இல்டா.

படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி, கம்பி விட்டு எடுக்கிற இடத்திலும் இல்லை. எர்மீனியோ பிழைத்தார். வலது கை துவண்டுபோனது. பேச்சு திரும்பிற்று, தாறுமாறாக. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்பார். கீரை சூப்பைப் பார்த்து "செருப்பு" என்றார். தப்பாகச் சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்து, இடது கையால் மேஜையை அடித்தார்.

கப்பல் கரை சேர்ந்ததும் டெல்ஃபிம் ஓடிவந்தான். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"நீ ஒஹாயோ போ. நான் பார்த்துக்கறேன்."

"எப்படிண்ணா பார்த்துப்ப? பாதி மாசம் கடல்ல இருக்க."

"கப்பல் வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு? உனக்குக் கரைல நடக்கக்கூடத் தெரியாது."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்ப என்னதான்டி பண்றது?"

இல்டா ஒஹாயோவுக்கு ஃபோன் செய்தாள். இடத்தை அடுத்த வருஷத்துக்கு நிறுத்திவைக்க வழியில்லை, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று ஒரு பெண் மிகவும் இதமான குரலில் சொன்னாள்.

ஆக, எறும்பு வழிதான். பகலில் பாதி நாள் ஆஸ்பத்திரி, மாலையில் கரிம வேதியியல். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தூங்கவில்லை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். சராசரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புள்ளிக்குப் பின்னால் ஏதோ இம்மியளவு நகர்ந்திருந்தது. அடுத்து இயற்பியல், அதிலும் முதல். இன்னொரு இம்மி. வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு கடலில் ஊற்றுவது போலிருந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. விண்ணப்பிக்கலாம் என்றார் திருமதி லிண்ட்க்விஸ்ட். "இப்ப எழுத விஷயம் இருக்கே. அப்பாவோட பக்கவாதத்தை எழுதுங்க."

"அதை எழுதறேன். ஆனா நான் தோத்தது அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி."

"ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சா போதும். படிக்கிறவங்களே சேர்த்துப்பாங்க. நீங்க பொய் சொல்ல வேண்டியதில்லை."

இல்டா அப்படியே எழுதிப் பார்த்தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எதிரே அப்பா இடது கையால் கரண்டியைப் பிடித்து, பாதி சட்டையிலும் பாதி வாயிலுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண் எதையோ எழுதுகிறாள் என்ற சந்தோஷத்தில் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் அந்தப் பத்தியை அழித்தாள்.

பல கல்லூரிகள் பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நரைத்த டாக்டர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கேள்வி வந்தது.

"ரெண்டாம் வருஷத்துல என்ன ஆச்சு?"

"தூங்கினேன் சார். அப்பவே ஒரு டாக்டர்கிட்ட போயிருந்தா அதுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. போகலை. அதனால பேர் தெரியாது."

"மறுபடி வந்தா?"

"வராதுன்னு சொல்ல முடியாது. வந்தா இந்தத் தடவை போய்க் காட்டுவேன்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். "நேரா பதில் சொன்னீங்க, நன்றி," என்றார். அந்த முகத்திலிருந்து அவளால் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். யாராவது இடத்தை விட்டால் கூப்பிடுவார்கள். வகுப்பு தொடங்குகிற காலைவரைகூடக் கூப்பிடலாம். அந்தக் கோடை முழுக்க இல்டா ஃபோனைக் கையைவிட்டு இறக்கவில்லை. தெரியாத எண் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். ஒரு தடவை மருந்துக்கடை. ஒரு தடவை யாரோ காருக்கு இன்ஷூரன்ஸ் விற்கிறவன். அவனிடம் தன் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று.

டெல்ஃபிம் துறைமுகத்திலிருந்து கூப்பிடுவான். "ஏதாவது?"

"நீ கூப்பிட்டா அவங்களுக்கு லைன் கிடைக்காதுண்ணா. வை."

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. அன்று இல்டா வேலைக்குப் போகவில்லை. அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டாள், பந்தலில் பழுத்த திராட்சையை அறுத்தாள். மதியம் எர்மீனியோ அவளுடைய ஃபோனைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

"இல்லைப்பா. இந்த வருஷம் இல்லை."

அவர் வாயைத் திறந்தார். சொல்ல நினைத்த சொல் வரவில்லை. வேறொன்று வந்தது, அதுவும் பாதியில் நின்றது. முகம் சிவந்து மறுபடி முயன்றார். அவளும் அவர் உதடுகளைப் பார்த்தபடி காத்திருந்தாள். போ என்கிறாரா, போகாதே என்கிறாரா, திட்டுகிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. "என்னப்பா? மெதுவா சொல்லு," என்றாள். எர்மீனியோ தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம், திரும்பப் படிக்க வேண்டியவற்றில் அடுத்ததான உயிர் வேதியியலின் முதல் வகுப்பு இருந்தது. பக்கத்து வீட்டம்மாவை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டுப் போனாள். முன் வரிசையில் காலியாக இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பையன் ஒருவன், "இந்தப் பாடம் கஷ்டமா? நீங்க ஏற்கெனவே படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"ஒரு தடவை," என்றாள் இல்டா. அவன் மேலே ஏதோ கேட்க வந்தான். அதற்குள் ஆசிரியர் உள்ளே வந்துவிட்டார்.