ஐந்து ‘கொடு’

1
இந்தக் கதையை எழுத வைத்தது ஒரே ஒரு ‘கொடு’. நான் வாழ்க்கைப்பட்டு வந்த, அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் ஊரில், அவர்கள் மொழியில் ‘கொடு’ ஐந்து. உயிருள்ளதைக் கேட்க ஒன்று, நீளமானதற்கு ஒன்று, துணிபோல் மடங்குவதற்கு ஒன்று, தண்ணீர் காப்பிக்கு ஒன்று, மிச்சமுள்ள கட்டிமுட்டிக்கெல்லாம் ஒன்று. தமிழிலோ கரடியும் அஃறிணை, கட்டையும் அஃறிணை. ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

2
பனி மூடிய மலையடிவாரத்தில் ஒரு மரப்பட்டறை...

(அடித்துவிட்டேன். சுற்றுலா வருகிறவர்களிடம் மலையை விற்கக் கடைத்தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்.)

நெட்டி, வால்நட் மரத்தில் கரடி செதுக்குகிறவள். அவள் அக்கா வெர்னா, அதில் குறை சொல்கிறவள்.

“கரடியாடி இது? பூசணிக்காய்க்குக் காது வச்சிருக்க. கொடு, பாப்போம்.”

எப்போதும் கட்டிமுட்டிக்கான ‘கொடு’தான்.

“ஒரு தடவையாவது உசுருள்ள ‘கொடு’ சொல்லுக்கா.”

“உசுரு வரட்டும், சொல்றேன்.”

3
போன இலையுதிர் காலத்தில் வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. (இந்த வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் வலிக்கிறது.) பேச்சு திரும்புமா, திரும்பினாலும் தெளிவாகத் திரும்புமா என்று யாருக்கும் தெரியவில்லை. நெட்டி உளியும் கட்டையுமாக அக்காவின் கட்டிலருகே குடியேறினாள். வீடெல்லாம் மரச்சீவல்.

ஒரு காலையில் கரடியின் மூக்கைத் தேய்த்து முடித்தபோது, வெர்னாவின் இடக்கை நீண்டது.

“கொடு.”

உயிருள்ளதைக் கேட்கும் ‘கொடு’.

அடுத்த வீட்டிலிருந்த என்னிடம் நெட்டி அழுதுகொண்டே ஓடிவந்தாள். “அக்கா பேசிட்டா! ஆனா தப்பாப் பேசிட்டா. கட்டைக்குப் போயி அந்தச் சொல்லு... மூள குழம்பிருச்சா? இல்ல...”

அந்த ‘இல்ல’வை அவளால் முடிக்க முடியவில்லை.

4
முடிவு அ: நோய் செய்த பிசகு.

முடிவு ஆ: வெர்னா பாராட்டினாள். (அவளைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். அதனால்தான் எழுதத் தயங்குகிறேன்.)

இருவரும் திரும்பிப் போனோம். வெர்னாவின் மடியில் கரடி இருந்தது. நெட்டி காப்பி ஊற்றி எடுத்துவந்தாள். வெர்னா முதலில் கரடியை, சூடு பட்டுவிடாமல், ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“கொடு.”

காப்பிக்கான ‘கொடு’. துளி பிசகில்லை.

நெட்டி குவளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குவளையை வாங்கி வெர்னாவின் கையில் கொடுத்தேன்.

எந்த முடிவென்று நான் எழுதப்போவதில்லை. என் மொழியில் இருப்பது ஒரே ‘கொடு’. கரடியை வாங்கிப் பார்த்துவிட்டு, அது எந்தக் ‘கொடு’ என்று நீங்களே சொல்லுங்கள்.