முதுகு என்ற ஃபோல்டர்

காலை ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் வந்த கண்காட்சி அழைப்பிதழைத் திறந்து பார்த்ததும் ஷாமினிக்குக் குடித்துக்கொண்டிருந்த கோப்பி கசந்துபோனது. அழைப்பிதழில் இரண்டு முதுகுகள். ஒன்று கயிற்றால் கட்டப்பட்டது. பக்கத்திலேயே காவடிக் கொக்கிகள் மாட்டிய இன்னொன்று. இரண்டிலும் தோள்பட்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் அதே மச்சம். அடியில் கொட்டை எழுத்தில், "வலி: ஷாமினியின் இருபது ஆண்டுகள்."

இரண்டுமே நாகையாவின் முதுகு. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பத்தே நிமிடத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, கோயில் குரூப்ல யாரோ அத போட்டுட்டாங்கம்மா. என் வீட்டுக்காரி பவுனு பாத்துட்டா. மச்சத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, ஒரு வார்த்த பேசல. கயிறு விஷயம் அவளுக்குத் தெரியாது."

"அண்ணே..."

"கயித்துப் படத்துக்கு நான்தான் சரின்னேன், மூஞ்சி தெரியாதுன்னு. இல்லன்னு சொல்லல. ஆனா காவடி என் மகளுக்கு வேண்டிக்கிட்டு எடுத்தது. அது சாமிக்கு. கயிறு எனக்கு. ரெண்டயும் எப்படிம்மா ஒண்ணா மாட்டுவ? சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெறப்பாம். கோயில் ஆளுங்க சில பேரு போறாங்களாம். அதுக்குள்ள எறக்கிரு."

அந்தக் காவடிப் படம் தைப்பூசத்தன்று அவர் குடும்பத்துக்காக ஷாமினி எடுத்துக் கொடுத்தது. கண்காட்சிக்கு அதைக் கொடுக்கவே இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அம்பாங்கில் இருக்கும் கண்காட்சிக்கூடத்துக்குக் கிரேப் வாடகைக் காரில் போகும்போது, கண்காட்சி நடத்தும் சுகுமாறனை எந்த வார்த்தையால் ஆரம்பித்துத் திட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். எவன் உனக்கு அதிகாரம் கொடுத்தது என்று உதடு முணுமுணுக்க, ஓட்டுநர் கண்ணாடியில் அவளை இரண்டு தரம் பார்த்தார்.

ஷாமினிக்குச் சோறு போடுவது கல்யாண வீடுகளில் எடுக்கும் படங்கள். பெயர் வாங்கித் தந்தது வேறு. கயிறோ, தோலாடையோ, குதிகால் செருப்போ, வளர்ந்த மனிதர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் ஆசையை அவர்களே கேட்டு வந்து படமாக்கிக்கொள்வார்கள். ஃபெட்டிஷ் படம் என்பார்கள். ஆரம்பத்தில் அவள் வெளிநாட்டுப் பத்திரிகைகளை அப்படியே காப்பியடித்தாள். கறுப்புத் தோலாடை, சிவப்பு பல்பு, ஏர்கோன் இல்லாத அறை. அந்தப் புழுக்கத்தில் ஒரு பெண் மயங்கியே விழுந்தாள். பிறகு, குங்குமமும் மல்லிகையும் சேர்த்தால் வெளிநாட்டுப் போட்டிகளில் மயங்குவார்கள் என்று தெரிந்தது. அப்பிவிட்டாள். பரிசும் வந்தது, வெட்கம்கெட்ட பரிசு.

எட்டு வருடத்துக்கு முன்னால் நாகையா வந்தார். "ஏன்மா இருட்டுல எடுக்குற? நான் என்ன திருடனா?" என்று கேட்டு, தானே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். அன்றோடு சிவப்பு பல்பு குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு பகல் வெளிச்சம்தான். கயிறு அவிழ்ந்தபின் மணிக்கட்டில் தங்கும் தடம், பாரம் இறங்கிய முகம், அப்போது வருகிற அந்தப் பெருமூச்சு. இதுதான் நான் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது அந்தப் படங்களைப் பற்றித்தான்.

அம்பாங்கில் போய்ப் பார்த்தால், கண்காட்சிச் சுவரில் நாகையாவின் கயிற்றுப் படத்தைத் தவிர அவற்றில் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் குங்குமம், மல்லிகை, சிவப்பு பல்பு. நட்டநடுவில் நாகையாவின் இரண்டு முதுகுகள்.

"புதுசெல்லாம் ரொம்ப சாதாரணமா இருக்கு லா," என்றான் சுகுமாறன். "வரவன் கொஞ்சம் ஆடிப்போகணும். பழசுலதான் உன் ஸ்டைலே இருக்கு."

"என் ஸ்டைல் எதுன்னு நீ சொல்லாத. காவடிப் படத்த எங்கேருந்து திருடுன?"

"திருடுனேனா? வாய அடக்கிப் பேசு, ஷாமினி. நீதான் குடுத்த." மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். அவள் அனுப்பிய ஃபோல்டர். பெயர்: முதுகு. உள்ளே ஐம்பத்தாறு முதுகுகள். நாற்பத்தொன்றாவது, காவடி.

வாயில் வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே நின்றுபோயின. இந்தத் தொழிலில் கேட்டு வருகிறவர்கள் பாதம், கழுத்து, முதுகு என்றுதான் கேட்பார்கள். முதல் நாளிலிருந்து அவளும் அப்படித்தான் பிரித்து வைத்தாள். ஸ்டைல் இரண்டு தரம் மாறியது. ஃபோல்டர் மாறவே இல்லை. தைப்பூசத்தன்று எடுத்த சாமி காரியத்தையும் அவள் கை பழக்கதோஷத்தில் அதே இடத்தில் போட்டிருக்கிறது. ஒரு தரம் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறாள். தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். முதலில் காவடி, அடுத்து கயிறு. பிறகு ஒன்றையும் விடவில்லை.

"ஒப்பந்தம் போட்டிருக்கோம்," என்று சுகுமாறன் கத்தினான்.

"கேஸ் போடு. வரேன்."

இறக்கி முடித்ததும் நாகையாவை அழைத்தாள். "அண்ணே, எல்லாத்தையும் எறக்கிட்டேன். தப்பு அவன் பண்ணல. நான்தான் பாக்காம குடுத்துட்டேன்."

"பவுனு இப்பத்தான் வாயத் தெறந்தா," என்றார். "அந்தப் பொம்பள உங்க பேரயாச்சும் எழுதி வச்சிருக்காளா, இல்ல அவளுக்கு நீங்க வெறும் முதுகுதானான்னு கேக்குறா. நான் என்னம்மா சொல்லட்டும்?"

கேட்டுவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

வெற்றுச் சுவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தன் மடிக்கணினியைத் திறந்தாள். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு 'நாகையா' என்று எழுதி, அவர் படங்களை அதற்கு மாற்றினாள். அடுத்தது 'கழுத்து'. முதல் படம், சிவப்பு வெளிச்சத்தில் வியர்த்த ஒரு கழுத்து. அன்றைக்கு மயங்கி விழுந்த பெண்.

புது ஃபோல்டர் பெயர் கேட்டது. தண்ணீர் தெளித்ததும், கன்னத்தைத் தட்டியதும், பதறிப்போய் அவளைக் கூப்பிட்டதும் நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதுதான் ஞாபகமில்லை.