காட்டை அழித்தவர்

பூங்காவில் புதிதாக நட்டிருந்த பலகையைப் படித்ததும் தம்பிதுரைக்கு ரத்தம் கொதித்தது. 'இங்கிருந்த காடு தம்பிதுரை குடும்பத்தாரால் அழிக்கப்பட்டு, மனைகளாக விற்கப்பட்டது.' மேலே மயில் படம் வேறு!

எல்லாம் இந்த சைத்ராவின் வேலை. ஞாயிறு தவறாமல் பைனாகுலரும் கையுமாக ஒரு கூட்டத்தை இழுத்து வந்து, குருவி காட்டுகிறேன், ஊர் வரலாறு சொல்கிறேன் என்று பூங்காவைச் சுற்றுகிறவள். போன மாதம் இவரிடம் வந்து, முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள். "எங்க காடுதானுங்க அம்மணி" என்றார். சோளம் விதைக்கிற மேட்டு நிலத்துக்குக் கொங்கு நாட்டில் காடு என்றுதான் பேர். மில் முதலாளி வீட்டு பங்களாவில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? புலியும் கரடியும் உலாவிய இடம் என்று நினைத்துவிட்டாள்.

பலகைக்குப் பின்னால் சரளையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அந்தக் காலத்தில் உழும்போது கண்ணில் பட்டால், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஏர் ஓட்டுவார் இவர் அப்பா. இவரும் சில நாட்களாக நாய்களை விரட்டிக் காவல் காத்துவந்தார். இன்று சைத்ரா கூட்டத்தோடு வந்ததும் அந்த முட்டைகளைக் காட்டத்தான்.

வந்தவளை மறித்தார்.

"ஏனுங்க அம்மணி, நாங்க எந்தக் காட்டை அழிச்சோமுங்க?"

"நீங்க சொன்னதுதானே அங்கிள்?"

"அது சோளக்காடுங்க! எங்கப்பன் வெள்ளாமை செஞ்ச பூமி! கெணறு வத்திப்போயித்தான் வித்துப்போட்டோம்."

"சோளத்துக்கு முன்னாடி காடாத்தானே இருந்திருக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தம்பிதுரைக்குக் காதெல்லாம் சூடேறியது.

"பலகையைக் கழட்டிப்போடுங்க. நாலு பேரு பார்க்கற எடத்துல எங்க பேரைக் கெடுக்காதீங்க."

"குடியிருப்போர் சங்கத்துல கேட்டுத்தான் வெச்சிருக்கு. அங்க போய்ப் பேசுங்க."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இந்த ஊரில் வெட்டுக்குத்தே நடந்தாலும் 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.

"நீங்க கழட்ட வேண்டாமுங்க. நானே கழட்டிக்கறேன்!"

பலகையின் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. "அங்கிள், பின்னாடி! பின்னாடி!" என்று சைத்ரா கத்தினாள். ஆத்திரத்தில் அது எங்கே காதில் விழுகிறது? ஓங்கி ஒரு தள்ளு. பலகை மல்லாக்கச் சரளையில் விழுந்தது.

ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. பலகையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்து வந்தது. ஐயோ என்று குனிந்தார் தம்பிதுரை.

சைத்ரா பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பலகையை எடுத்துப் பழையபடி நட்டுருங்க அங்கிள். இப்ப அதுல எழுதியிருக்கறது சரியாப் போச்சு."